பிரியாம்மாவுக்கு ஒரு பக்கம்

பூப்போட்ட தாளை வளைவாக வெட்டும்போது கத்தரிக்கோலை நகர்த்தக் கூடாது, தாளைத்தான் திருப்ப வேண்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதுதான். இசைவாணி மேடம், உங்களுக்கு இது தேவைப்படாது. நடந்ததை என் கைப்பட எழுதச் சொல்லி, நான்கு வெள்ளைத் தாளும் ஒரு நீலப் பேனாவும் வைத்துவிட்டுப் போனீர்கள். ஸ்டேஷன் டீயும் வந்தது, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஓரம் விட்டே எழுதுகிறேன், ஃபைலில் கோக்கும்போது எழுத்து மறையாது.

என் பெயர் பெலிசியா. வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் கடலூர் முதுநகர். கணவர் அமலனுக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதைத் திருத்துவதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்கிராப்புக் ஆல்பம் செய்வது என் தொழில். திருமணம், சர்ச்சில் முதல் நன்மை, வளைகாப்பு, பிள்ளையின் முதல் பிறந்தநாள், எதுவானாலும் படங்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார்கள். கட்டம் போட்டது, புள்ளி வைத்தது, கொடி ஓடுவது என்று படத்துக்கேற்ற தாளைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, லேஸ் வைத்து ஒட்டிக் கொடுப்பேன். போட்டோகிராபர் குடும்பத்தை இருந்தபடி கொடுப்பார். நான் இருந்திருக்க வேண்டியபடி கொடுப்பேன். ஒரு திருமணத்துக்குக் கோபித்துக்கொண்டு வராமல் போன பெரியப்பாவை வேறொரு படத்திலிருந்து வெட்டியெடுத்து மேடையில் மணமகனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டார். கத்தரிக்கோலால் இவ்வளவு நல்லது செய்யலாம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சகாய பிரியா என் தங்கை, ஒன்பது வயது இளையவள். சோனாங்குப்பத்து அரவிந்தனைக் காதலித்தாள். அவர்கள் மீன்பிடிக் குடும்பம், இந்துக்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. நான்தான் முன்னால் நின்று திருமணத்தை நடத்தி வைத்தேன். இலக்கியா சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து முதலில் என் கையில்தான் கொடுத்தார். இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்த மாதம், ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டு போன அரவிந்தன் பைபாஸில் நடந்த விபத்தில் இறந்துபோனான். பிரியா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் படித்தவள். மஸ்கட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் அம்மாளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. இரண்டே வருஷம் என்று ஒப்பந்தம். கிளம்பும் அன்று பிள்ளையை என் இடுப்பில் வைத்துவிட்டு அழுதாள்.

“பாப்பாவ உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்க்கா.”

“நான் பெத்த மாதிரி பாத்துக்கிறேன். நீ கவலப்படாம போ.”

அன்று சொன்ன வார்த்தையிலிருந்து நான் ஒருபோதும் விலகவில்லை.

இலக்கியா என்னைப் பெரியம்மா என்றுதான் முதலில் கூப்பிட்டாள். சின்ன வாய்க்கு அது நீளமான சொல். கொஞ்ச நாளில் அதன் முன்பாதி தானாக உதிர்ந்துவிட்டது. நான் பிடுங்கவில்லை, உதிர்ந்ததை எடுத்து ஒட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமைதான் பிரியாவுக்கு போன் பேச நேரம் கிடைக்கும். திரையில் வரும் அந்த ஆண்ட்டி யார் என்று குழந்தை கேட்டபோது, அவள் பெயர் பிரியாம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். “பிரியாம்மா, சாப்டீங்களா?” என்று இலக்கியா கேட்பாள். அந்தப் பக்கம் என் தங்கை பூரித்துப் போவாள். இருவருக்கும் சந்தோஷம். ஒரே சொல்லில் இருவரைச் சந்தோஷப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று மொழி தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வருஷம் முடிந்தது. பிரியா டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாள். அப்போது இலக்கியா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். காலையில் நான் தலை பின்னிவிடாவிட்டால் ஸ்கூல் வேனில் ஏற மாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளையை போன் திரையில் மட்டும் பார்த்த ஒருத்தியோடு அனுப்புவது எந்த நியாயம் என்று யோசித்தேன். அதனால் பிரியாவிடம் ஒரு பொய் சொன்னேன். அரவிந்தன் குடும்பத்தார் குழந்தையைக் கேட்டு கேஸ் போட்டிருக்கிறார்கள், நீ ஊருக்கு வந்தால் கோர்ட்டில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டி வரும், நீ வெளிநாட்டில் இருக்கும்வரை அவர்களால் எதுவும் செய்ய முடியாதாம் என்று சொன்னேன். அவள் பயந்தவள். சட்டம் தெரியாதவள். ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டாள். அதன் பிறகு கொரோனா வந்தது, விமானம் நின்றது. அதற்கு நான் பொறுப்பல்ல.

அரவிந்தனின் அக்கா தனம் கேஸ் எதுவும் போடவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவள் நல்ல பெண். மாதம் ஒருமுறை சுத்தம் செய்த நெத்திலியும் இறாலும் எடுத்துக்கொண்டு, அத்தை வந்திருக்கிறேன் என்று வாசலில் நிற்பாள். பிரியா எப்போது வருவாள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவளுக்கும் ஒரு பதில் தேவைப்பட்டது. பிரியா மஸ்கட்டில் ஒருவரை மறுமணம் செய்துகொண்டாள், பழைய ஆட்கள் யாரும் தொடர்புகொள்ள வேண்டாம் என்கிறாள் என்றேன். தனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். “போவட்டும்க்கா, எங்கியாவது நல்லா இருந்தா சரி” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த இறாலைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். அதன் பிறகு அவள் வருவது நின்றுபோனது. அன்று இறால் தொக்கு மிக நன்றாக அமைந்தது.

யு.கே.ஜி.யில் ‘என் குடும்பம்’ என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பிறந்தபோது அம்மாவோடு எடுத்த படம் வேண்டும் என்று இலக்கியா கேட்டாள். அந்த ஆல்பம் அப்படித்தான் பிறந்தது. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது.

முதல் பக்கத்துக்கு இளமஞ்சளில் வெள்ளைக் குருவிகள் பறக்கும் தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிரியா குழந்தையோடு படுத்திருந்த படம் ஒன்று இருந்தது. அதில் குழந்தையை மட்டும் வெட்டியெடுத்தேன். அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த படம் ஒன்று பீரோவில் கிடந்தது. அதே சிதம்பரம், அதே பச்சைப் போர்வை. சோர்ந்த முகம், கலைந்த தலை, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. வலி எதனால் வந்தது என்பது படத்தில் தெரியாது. குழந்தையை என் கைமடிப்பில் வைத்து ஒட்டி, சேரும் இடத்தில் லேஸ் வைத்தேன். ஞானஸ்நானப் படத்திலும் முதல் பிறந்தநாள் படத்திலும் இப்படியே. பிரியா இருந்த இடங்களில் தாமரைத் தாள், ரோஜாத் தாள், பலூன் தாள். படங்களை இலக்கியா தூங்கிய பிறகு வெட்டி ஒட்டினேன். ஓரத்துக்குப் பூ வைக்கும்போது அவள் மடியில் உட்கார்ந்து பசைக்குச்சியை மூடிக்கொடுத்தாள். இருவரும் பாடிக்கொண்டே வேலை செய்தோம்.

அமலனுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “வேணாம் பெலிசி. நாளைக்கு பிரியா வந்து நின்னா அவ மூஞ்சில எப்புடி முழிக்கிறது?” என்று கேட்டார். பிள்ளையை அவரே தூங்க வைக்கட்டும் என்று அன்று நான் அடுக்களையிலேயே இருந்தேன். தோளில் போட்டுக்கொண்டு நடந்தவரின் காதில் அவள் “அப்பா” என்று ஏதோ கதை சொன்னாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் மீது வழக்கு வேண்டாம், மேடம். அவர் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

ஸ்கூல் ரிக்கார்டில் தாய் பெயர் சகாய பிரியா என்று இருந்தது. படிக்கத் தெரிந்ததும் இலக்கியா அதைக் கேட்டாள். அது என் ஞானஸ்நானப் பெயர் என்றேன். “அப்போ பிரியாம்மாவுக்கும் உங்க பேருதானா?” என்றாள். ஆமாம், அதனால்தான் எங்கள் இருவருக்கும் அவ்வளவு பாசம் என்றேன்.

போன வருஷம் அக்டோபரில் பிரியா தீர்மானமாகச் சொன்னாள். கேஸ் வந்தால் வரட்டும், மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவேன், பாப்பாவை இனி என்னோடு வைத்துக்கொள்வேன் என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதில்லை. அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். அதோடு, இலக்கியாவுக்கு இதை எப்படி வலிக்காமல் செய்வது என்றும் யோசித்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று காலை இலக்கியாவை உட்கார வைத்து, பிரியாம்மா மஸ்கட்டில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். ரொம்ப அழுதாள். அழட்டும் என்று விட்டேன், துக்கத்தை அடக்குவது பிள்ளைகளுக்கு நல்லதல்ல. மாலையில் கல்லறைக்கு அழைத்துப் போனேன். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்காக நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவளும் ஏற்றினாள். காற்றில் அணைந்து அணைந்து போனது. கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து இருவருமாக பிரியாம்மாவுக்கு ஒரு பக்கம் செய்தோம். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்ட தாள், வெள்ளிச் சரிகையில் ஒரு சிலுவை, போன் திரையிலிருந்து எடுத்த ஒரு படம். ‘பிரியாம்மா, பத்திரமாக இருங்கள்’ என்று அவளே கோணல்மாணலாக எழுதினாள். அன்று என் மடியிலேயே தூங்கிப்போனாள். எங்கள் இருவருக்கும் மறக்க முடியாத நல்ல நாள் அது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் இலக்கியா டியூஷனில் இருந்தாள், அல்லது தூங்கினாள், அல்லது சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். பிரியா என்னிடமே பேசிவிட்டு வைத்துவிடுவாள். பாப்பாவுக்கு எந்த நிறத்தில் கவுன் வாங்கட்டும் என்று கேட்பாள். மஞ்சள் என்று சொன்னேன். அவளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும், அதில் பொய் இல்லை.

ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் சிதம்பரத்துக்கு வீடு மாறினோம். யாரிடமும் சொல்லவில்லை. என் போன் நம்பரையும் மாற்றினேன். அமலன் தினமும் ரயிலில் போய் வந்தார், பரங்கிப்பேட்டை தாண்டினால் கொஞ்ச நேரத்தில் வீடு. புது ஸ்கூல், புது நண்பர்கள், மாலையில் தெற்கு வீதியில் ஐஸ்கிரீம். இலக்கியா ஒரு சுற்று பெருத்தாள், கன்னமெல்லாம் வந்தது. சரியான முடிவு எடுத்திருக்கிறோம் என்று அதைப் பார்த்தே தெரிந்தது.

பிரியா மே கடைசியில் வந்திருக்கிறாள். முதுநகர் வீடு பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பயந்துகொண்டே சோனாங்குப்பத்துக்குப் போயிருக்கிறாள், கேஸ் போட்டவர்கள்தான் பிள்ளையைக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்து. வாசலில் தனம் வலைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாளாம். “புதுப் புருஷன் வரலியா?” என்று அவள் கேட்க, “கேஸு எந்தக் கோர்ட்டுல?” என்று இவள் கேட்க, அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. இதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்புறமும் அவர்களால் எங்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது, அமலனுக்கு எந்தக் கம்பெனி என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. என் பலவீனம் ஒன்று. நல்ல பக்கம் அமைந்தால் நாலு பேர் பார்க்க வேண்டும் எனக்கு. ஆகஸ்டில் இலக்கியாவின் பிறந்தநாள் பக்கத்தை என் இன்ஸ்டாகிராமில் போட்டேன். மயில் தோகைத் தாள், நடுவில் கோபுரம் பின்னால் தெரியப் புது யூனிபார்மில் அவள். யூனிபார்மை வைத்து ஸ்கூலைக் கண்டுபிடித்து, வேனைத் தொடர்ந்து வந்துவிட்டார்கள்.

மாலை நாலரை மணி. நான் உள்ளே தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது இலக்கியா. அவள் சத்தம் போடவில்லை. மெதுவாக என்னிடம் வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மா, செத்துப்போன பிரியாம்மா வந்துருக்காங்க.”

வாசலில் பிரியா மஞ்சள் கவுனைக் கையில் பிடித்தபடி நின்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன அளவு. தனம்தான் என்னை அடித்தாள், ஒரே ஒரு அடி. பிரியா என்னைத் திட்டக்கூட இல்லை. அவள் கிட்டே போனால் குழந்தை நடுங்கியது, அதனால் தூரத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். மேசையில் ஆல்பம் இருந்தது. எடுத்துப் பிரித்தாள். ஊதாப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, கட்டைவிரல் நகத்தால் லேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். நான் எதையும் கிழித்துப் போடும் பழக்கம் இல்லாதவள், பழைய படத்தை அடியிலேயே வைத்து மேலே ஒட்டியிருந்தேன். குருவித் தாளுக்குக் கீழே, குழந்தை இருந்த இடம் ஓட்டையாக, பிரியாவின் முகம் வந்தது. இலக்கியா என் புடவையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள், தரையில் இருந்தவளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்: ஆம். கேஸ் என்று சொன்னது நான், மறுமணம் என்று சொன்னது நான், உயிரோடு இருந்தவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வைத்தது நான், பிள்ளையை மறைத்து வைத்ததும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எல்லாவற்றையும் முழு மனதோடும் ஆசையோடும் செய்தேன்.

இலக்கியா இப்போது சோனாங்குப்பத்தில் பிரியாவோடும் தனத்தோடும் இருக்கிறாள் என்று சொன்னீர்கள். யாரையும் எந்த முறை சொல்லியும் அவள் கூப்பிடுவதில்லையாம். நான் உன் அத்தை என்று தனம் சொன்னால், போட்டோ காட்டச் சொல்கிறாளாம். காட்டினால் நம்புவதில்லையாம். வீட்டில் மாட்டியிருக்கும் அரவிந்தனின் படத்தைக்கூட இறக்கச் சொல்லி, ஓரத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, அடியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறாளாம். ஒரு படத்தையும் கிழிக்காமல் அவ்வளவு பதமாகச் சுரண்டுகிறாள் என்று கவுன்சலர் கவலையோடு எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள்.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது, மேடம்? பிரியாவுக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. பிள்ளைக்கு அம்மாவின் கை அப்படியே வந்திருக்கிறது.