பின்வாசலுக்கு பஸ் வரும்

சீன ஊர் மாதிரியே கட்டிவைத்திருக்கும் அந்தப் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் வழுக்காத சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவது நல்லது. அங்கே பாலங்கள் எல்லாம் வில்லுப்போல வளைந்த கல். தூறல் விழுந்தால் கால் நிற்காது. மற்றபடி, ஐயா, மொன்றியலிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் அப்படியோர் அழகான இடம் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தமிழிலேயே சொல்லலாம் என்று விட்டீர்கள், நன்றி. பிரெஞ்சில் எனக்கு 'பொஞ்சூ'வுக்கு மேல் ஓடாது.

போன சனிக்கிழமை எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றைப் பிடித்துப் போனோம்; பாடகர் குழு தனியாக ஒரு வான் வண்டியில் வந்தது. பஸ் வெளிக்கிட்டதும் செபமாலை தொடங்குவது எங்கள் வழக்கம். தொடங்கினால் முடியும்வரை ஒருவரும் வேறு கதை கதைக்கமாட்டார்கள். அதை முன்னின்று சொல்வது, நான் இந்த நகருக்கு வந்த காலந்தொட்டு, நான்தான்.

அன்று பங்குச் சுவாமி, "அல்போன்சம்மா, இண்டைக்கு அக்னெஸ் சொல்லட்டுமன்" என்றார். அக்னெஸ் மன்னாரிலிருந்து மகன் ஜெனாட்டிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல குரல், அதை நான் மறுக்கவில்லை. அவள் சொல்லி முடிக்க, முன்சீட்டுப் புஷ்பராணி கண்ணைத் துடைத்தாள். "இனி எப்பவும் அக்னெஸ் அக்காதான்" என்று பின்சீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். சுவாமி சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

ஊர் நன்றாக இருந்தது. மூலைகள் மேல்நோக்கி வளைந்த கூரைகள், சிவப்புக் கதவுகள், வாய் திறந்த கற்சிங்கங்கள். பட்டுச்சட்டை போட்ட கியூபெக் பிள்ளையொருத்தி பிடியில்லாத சின்னக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். சவிரிமுத்து அண்ணை அதைத் தூக்கிப் பார்த்து, "பிள்ளை, இது குடிக்கவோ, கண்ணுக்கு விடவோ?" என்றார். அக்னெஸ் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். நான்தான் முதுகைத் தட்டிவிட்டேன்.

அன்றோடு இந்த வருடத்துக்கு ஊரைப் பூட்டுகிறார்களாம். குளத்துக்குப் பின்பக்க வாசலை கோடையோடேயே பூட்டிவிட்டார்கள், அங்கே இப்போது ஒருவரும் போவதில்லை. தேத்தண்ணி ஊற்றிய பிள்ளையிடம் அரைகுறை இங்கிலிஷில் நான் கேட்டு அறிந்தது அது.

பொழுதுபட அக்னெஸுக்குக் கண் தெரியாது. கையைப் பிடித்து, குளத்தைச் சுற்றி, அந்தப் பின்வாசல் மண்டபத்தில் இருத்தினேன்.

"இஞ்சையே இருங்கோ. பஸ் இந்த வாசலுக்குத்தான் வரும்."

"ஓம் அக்கா. குளிருது, கோட் பஸ்ஸுக்கை எல்லோ கிடக்கு."

"பஸ் வந்தவுடனை போடலாம்தானே."

எங்கள் பஸ்ஸில் தலை எண்ணுவதில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று அவரவர் பார்த்துச் சொல்வோம். அக்னெஸின் பக்கத்துச் சீட்டு நான். "ஓம், சரி" என்றேன்.

"அக்னெஸ் அக்காவைக் காணேல்லை?" என்றாள் புஷ்பராணி.

"பாடகர் குழுவின்ர வான் வண்டியிலை வாறா. அது நல்ல சூடு."

உடனே செபமாலையைத் தொடங்கினேன். பிறகு யார் கதைப்பது? அன்று என் குரல் நன்றாக வந்தது.

அன்றிரவு பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஜெனாட் போன் எடுத்தார்.

"அன்ரி, அம்மா இன்னும் வரேல்லை."

"என்னோடைதான் தம்பி. களைப்பிலை படுத்திட்டா. காலமை கூட்டிக்கொண்டு வாறன்."

"இரவு மருந்துக் குளிசை போட்டவவோ?"

"ஓம், போட்டவ."

நல்ல பிள்ளை. 'தாங்ஸ்' சொல்லித்தான் வைத்தார். வெளியே இந்த வருடத்தின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன்.

கோபத்தில் செய்ததல்ல, ஐயா. அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் இருத்தினேன், தெரிந்துதான் ஜெனாட்டிடம் பொய் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் கேட்கவேண்டும். கர்க்லாண்டில் ஜெனாட் வீட்டில் இனி ஒவ்வொரு பின்னேரமும் அக்னெஸுக்காகச் செபமாலை சொல்லுவார்கள். புஷ்பராணியிடம் விட்டால் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவாள். ஒரு பொலிஸ்காரரை எனக்குப் பக்கத்தில் நிறுத்தியென்றாலும், ஒரு நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விடமாட்டீர்களா? அக்னெஸ் ஒன்றும் சொல்லமாட்டாள்.