திருப்பி வைத்த காலணி

ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிட்டுத் தன் வாயை மட்டும் பூட்டி வைத்திருக்கும், பூட்டுக்கடை முதலாளியாகிய தலைவர் அவர்களே! அவரைக் கட்டிக்கொண்ட பிறகும் சிரிப்பை மறக்காத என் அக்கா அவர்களே! ஆண்டுக்கொரு நாள் தம் திரையரங்கை நம் திரைப்படச் சங்கத்துக்குச் சும்மா தரும் வள்ளலே! பேச்சு நீண்டால் நழுவலாம் என்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அவர்களை நழுவவிடாத தாய்மார்களே! வணக்கம்.

வெள்ளிக்கிழமை எந்தப் படம் என்று இன்று கைதூக்கி முடிவு செய்யப்போகிறோம். தலைவர் கேட்பது சண்டைப் படம். சிறியேன் கேட்பது ஜப்பானியக் குடும்பப் படம். என்ன ஐயா, "சண்டை இருக்கா?" என்கிறீர்களா? குடும்பப் படம் என்றேனே, சண்டை இல்லாமலா!

அதில் ஓர் அப்பா. சைக்கிள் கடைக்காரர். கடையைக் கட்டிக் காப்பான் என்று நம்பிய மகன், வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்கிறான். அன்றோடு அப்பாவின் பேச்சு நின்றது. சோறு கேட்கவும் சாடை, தண்ணீர் கேட்கவும் தலையசைப்பு. "யாரையோ சொல்ற மாதிரி இருக்கே" என்று என் அக்கா முணுமுணுப்பது கேட்கிறது. கதையைச் சொல்கிறேன் அக்கா, கதையை!

மகன் புறப்படும் நாள். வீட்டைப் பார்த்தபடி அவன் கழற்றிவிட்டிருந்த காலணியை அப்பா எடுக்கிறார். தெருவைப் பார்த்தபடி திருப்பி வைக்கிறார். அப்படியே கடைக்குள் போய்விடுகிறார்.

போன வாரம் நாங்கள் சிலர் சங்க அறையில் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, திரையின் கீழே வரவேண்டிய தமிழ் எழுத்து வரவில்லை. விடுவோமா? ஆளுக்கொரு வசனம் சொன்னோம். நம் தலைவர் எழுந்தே விட்டார். "பெத்த பிள்ளையைச் செருப்பைத் திருப்பி வெச்சுத் துரத்துறானே, இவனெல்லாம் ஒரு அப்பனா!" என்றார். சொன்னவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் அக்காவுக்கு மட்டுமே இருந்தது.

மறுநாள் எழுத்தைச் சரிசெய்து தனியே பார்த்தேன். விருந்தாளி சிரமமில்லாமல் கிளம்பட்டும் என்று காலணியைத் திருப்பி வைப்பது அங்கே மரியாதையாம். படத்தின் முடிவில் அம்மாவே கேட்கிறாள்: "அவன் என்ன விருந்தாளியா? எதுக்குத் திருப்பி வெச்சீங்க?"

"திருப்பலேன்னா வீட்டைப் பாத்து நின்னுதான் மாட்டணும். என் மூஞ்சியைப் பாத்தா அவன் போகமாட்டான்" என்கிறார் அப்பா.

அன்பர்களே! அது துரத்திய கையா? தடுக்கத் தெரிந்தும் தடுக்காத கையல்லவா? தன் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பாதை விட்ட கையல்லவா?

சனிக்கிழமை என் அக்கா மகள் கப்பல் கட்டும் தளத்து வேலைக்கு ரயிலேறுகிறாள். வேலை கிடைத்த நாள் முதல் அவளோடு பேசாத அப்பா இந்த மேடையில்தான் இருக்கிறார். "மாமா, அப்பாவுக்கு நான் போறது பிடிக்கலையா, என்னையே பிடிக்கலையா?" என்று நேற்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது என் வாயிலிருந்து வரவேண்டிய பதில் இல்லை.

அத்தான், முறைக்காதீர்கள். அந்த ஜப்பானிய அப்பா ஒரே ஒரு பிழைதான் செய்தார். சொல்லவேண்டியதை மகன் போன பிறகு மனைவியிடம் சொன்னார். நீங்கள் வெள்ளிக்கிழமை மகளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். அவள் இருக்கும்போதே, அவளிடமே சொல்லுங்கள்!

ஜப்பானியப் படம் வேண்டுவோர் கைதூக்குங்கள். அடடா, தலைவரின் கையும் எழுகிறதே! என்ன, கண்ணைத் துடைக்கத்தானா? பரவாயில்லை, அதையும் வாக்காகவே எண்ணிக்கொள்கிறோம். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.