நான்காம் விதி

முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீர்க்குழாய்களில் என் முகத்தைப் பார்த்து வருகிறேன், ஐயா. மெருகேறிய குழாயில் எல்லோருக்கும் மூக்கு பெருத்துத் தெரியும். எனக்கு மட்டும் உள்ளது உள்ளபடி. அதனால் எங்கள் லுமெட்சானே ஊரில் ஒட்டோரினோ என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மூக்கன் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

குழாய்த் தொழிற்சாலையின் பாலிஷ் கூடத்துக்கு நான் மேஸ்திரி. திங்கள்தோறும் காலையில், இயந்திரங்களைப் போடுவதற்கு முன், பாதுகாப்பு விதிகள் ஒன்பதையும் உரக்கப் படிப்பேன். கேட்டவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். "சக்கரத்தோட நடுவுக்குக் கீழே பிடிங்கப்பா, மேலே பிடிச்சா குழாய் உங்க பல்லைத் தேடி வரும்" என்பது என் சொந்தச் சரக்கு. என் கூடத்தில் அதுவரை ஒரு விரல் போனதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எஜீதியோ பக்கத்து வார்ப்புக்கூடத்து ஆள். என் மகளுக்கு ஞானத்தந்தை. உலையை மூடியதும், இருபத்தாறு வருஷம் பித்தளை உருக்கி ஊற்றியவனை என்னிடம் அனுப்பினார்கள். உலைக்காரனுக்குக் கையுறைதான் உயிர். எங்களுக்கு அதுவே எமன். நிமிஷத்துக்கு மூவாயிரம் முறை சுற்றும் துணிச்சக்கரத்துக்கு ஒரு நூல் அகப்பட்டால் போதும், கையோடு ஆளையும் இழுத்துக்கொள்ளும். குழாய் எவ்வளவு சுட்டாலும் வெறுங்கைதான். அதுதான் நான்காம் விதி.

வியாழனும் வெள்ளியும் பெட்டி தூக்கினான். தூக்கியவன் அண்ணாந்தும் பார்த்தான்.

"டேய் மூக்கா, தூசி உறிஞ்சுற விசிறி செத்து எத்தனை நாளாச்சு?"

"தூங்குதுடா. எழுப்பாதே."

"விளையாடாதே. உன் சக்கரத்துல நிக்கிற பாட்டிஸ்தா இருமுறது உன் காதுல விழலையா? தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதிட்டிருக்கேன். செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுத் தபால்ல சேர்த்துடுவேன்."

விசிறி நின்று பத்தொன்பது மாதம். நன்றாக ஓடுகிறது என்று மாதாமாதம் கையெழுத்துப் போட்டவன் நான். முதலாளி கேட்டுக்கொண்டார், யாரையும் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆய்வாளர் வந்தால் ஜெயிலுக்குப் போவது முதலாளி அல்ல, அந்தப் பத்தொன்பது கையெழுத்து.

திங்கட்கிழமை மூன்றாம் விதியை முடித்துவிட்டு ஐந்தாம் விதியைப் படித்தேன். யாரும் கவனிக்கவில்லை. மற்றவர்கள் என் ஜோக்குக்கு மட்டும்தான் காது கொடுப்பார்கள். விதிகளைக் கவனமாகக் கேட்டவன் எஜீதியோ ஒருவன்தான். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டான்.

அன்றுதான் முதன்முதலாகச் சக்கரத்தில் நின்றவன், பத்து மணிக்குக் கையை உதறிக்கொண்டு நின்றான்.

"என்னடா இது, இந்தச் சூடு சுடுது! என் உலையே தேவலாம்."

"உன் பழைய கையுறை எங்கே?"

"போடலாமா? இவங்கெல்லாம் வெறுங்கையால பிடிக்கிறாங்களே."

"அவங்களுக்குத் தோல் மரத்துப்போச்சுடா. உனக்கு இன்னும் பச்சப்புள்ளை கை."

சிரித்தான். போய் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.

இரண்டு விரல் போகும் என்றுதான் நினைத்தேன், ஐயா. ஆஸ்பத்திரி, தையல், அந்த அமளியில் கடிதம் மறந்துபோகும். சக்கரம் அப்படி நினைக்கவில்லை. நிறுத்தும் பொத்தானுக்கு முதலில் ஓடியவன் நான்தான். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நடந்தேன்.

அடக்கத்தன்று சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அழுதேன், அதில் நடிப்பு இல்லை. அன்று மாலை அவன் மனைவி நீவெஸ் ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தாள். "அவரோட பெட்டியில இருந்துச்சு. உங்களைப் பத்தியும் எழுதியிருக்காரு, அண்ணே."

செவ்வாய்க்கிழமை போட வேண்டிய கடிதம். விசிறி, தூசி, பாட்டிஸ்தாவின் இருமல் எல்லாம் இருந்தது. கடைசியில் இரண்டு வரி: "மேஸ்திரி மேல் குற்றமில்லை. அவர் பலமுறை முதலாளியிடம் சண்டை போட்டும் பலனில்லை."

நான் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. எனக்காக அவன் எழுதிய பொய் அது.

வெள்ளிக்கிழமையே என்னிடம் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நான்காம் விதியைப் படித்திருப்பேன். நண்பர்களுக்குள் இப்படி ஒளிவு மறைவு கூடாது, ஐயா.