நடுங்காத கை

கறுப்பு வண்டி மட்டும் வாங்காதீர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன், ஐயா. மண் ஒட்டிய துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். வெயிலில் நிறுத்தியதும் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். ஸ்வர்ல் மார்க் என்பார்கள். அதைக் கையால் தேய்த்து எடுப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் தொழில். கடலூர் முதுநகரில் பொன்னுரங்கம் ஷெட் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

கீறலை எடுப்பது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படி எடுப்பது? பெயிண்டுக்கு மேலே சுற்றியுள்ள கண்ணாடிப் பூச்சை அதன் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். மயிரிழை கூடினாலும் பெயிண்ட் போய்விடும். அதற்குக் கை அடங்கி நிற்க வேண்டும்.

போன ஆடியில் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் டீ கிளாஸைப் பிடிக்கும்போது கொஞ்சம், அவ்வளவுதான். தில்லைநாதனிடம் மட்டும் சொன்னேன். என் தங்கை பவானியின் கணவர். பத்து வருஷம் என்னோடு ஒரே ஷெட்டில் நின்று வேலை பார்த்தவர். "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தை பிறப்பதற்குள் சிதம்பரத்தில் பாலிஷ் மிஷின் வைத்துத் தனிக்கடை போட்டார். வழக்கமாக என்னிடம் வரும் டாக்டரம்மா ஒருவர் ஃபோனில் பரிவாகக் கேட்டார்: "கை எப்டி இருக்கு பொன்னுரங்கம்? தில்லைநாதன் சொன்னாரு. ரெஸ்ட் எடுங்க." அதன்பிறகு அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக்கூட வந்தேன்.

வைகாசியில் அவரே தன் கறுப்புக் காரோடு என் ஷெட்டுக்கு வந்தார். மிஷின் ஓட்டி ஓட்டிப் பானட் முழுக்க வட்டம். "கடைப் பசங்க போட்ட கோலம் மச்சான். ஒங்க கையிலதான் இது சரியாவும்" என்றார். நடுங்கும் என்று ஊரெல்லாம் சொன்ன அதே கை. சரி, விட்டுவிட்டுப் போங்கள் மாப்பிள்ளை என்றேன்.

மூன்று நாள் தேய்த்தேன். கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று வண்டியைச் சிதம்பரம் ரோட்டில் எடுத்துப் போனேன். செம்மங்குப்பம் தாண்டியதும் எதிரே சைக்கிளில் ஒரு பெண். இடித்தது. இசைவாணி என்ற பெயரைப் பிறகு பேப்பரில்தான் பார்த்தேன்.

இறங்கினேன். முதலில் பானட்டைத்தான் பார்த்தேன், தொழில் பழக்கம். இடது ஓரத்தில் இரண்டு கீறல், ஆழமில்லை. அவள் ரோட்டோரம் ஒருக்களித்துக் கிடந்தாள்.

"அண்ணே, அந்த ஃபோன எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

ஃபோன் நாலடி தள்ளிக் கிடந்தது. 108-க்கு நானேகூட அடித்திருக்கலாம். வந்தவர்கள் யார் ஓட்டியது என்று கேட்பார்கள். பொன்னுரங்கமா, அவருக்குத்தான் கை நடுங்குமே என்பார்கள். நான் ஷெட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தக் கீறல்களை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு மணிக்குத் தில்லைநாதன் வந்தார். பானட்டைத் தடவிப் பார்த்து, "இந்தக் கை யாருக்கு வரும் மச்சான்" என்றார். கண் கலங்கியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நம்பரைப் பார்த்திருக்கிறார். மறுநாள் நீங்கள் தில்லைநாதனைப் பிடித்தீர்கள். என் பெயரைச் சொல்லுவார் என்று நாலு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

நேற்றுப் பவானி வந்தாள். "நான்தான் ஓட்டுனேன்னு அவுரு ஒத்துக்கினாருண்ணா. மச்சானுக்குக் கை நடுங்குது, ஸ்டியரிங்கயே தொட மாட்டாருன்னு ஸ்டேஷன்ல அடிச்சி சொல்லிட்டாராம். ஒன்னக் காப்பாத்தத்தாண்ணா" என்று அழுதாள்.

பாருங்கள் ஐயா. மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை போலீஸிடம், எழுத்தில்.

அதனால்தான் வந்தேன். ஓட்டியது நான். அரை மணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். தில்லைநாதனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கை நடுங்கி ஸ்டியரிங் பிசகியது என்று எழுத வேண்டாம். சைக்கிள் தூரத்திலேயே தெரிந்தது. திருப்ப நேரம் இருந்தது. வேண்டுமென்றே இடித்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.