இடிச்சுப் பார்த்த காடி

"இடிச்ச காடியையா வாங்கப் போற?" என்று ஓர் அக்கா கேட்டதில் என் தூக்கம் கலைந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து கமுந்திங் தொழிற்சாலைக்குப் போகும் காலை வேன். எனக்கு முன் இருக்கையில் அவரும், முதல் கார் வாங்கப்போகும் ஓர் இளம்பெண்ணும்.

"ஐயோ அக்கா, எனக்குப் புதுசுதான். பாதுகாப்பா இருக்கான்னு சோதிக்க, அதே மாதிரி வேற காடிங்கள இடிச்சுப் பாத்திருக்காங்க. நான் பாத்து வச்சிருக்கிற வெள்ளைக் காடி மாடல், செவப்புக் காடி மாடல், ரெண்டையும்."

"உள்ள யாரு இருந்தா?"

"பொம்மைங்க. நேரா இடிச்சப்ப ரெண்டுலயும் பொம்மைக்கு ஒண்ணும் ஆகல. சைடுல இடிச்சப்ப வெள்ளைக் காடி பொம்மைக்கு நெஞ்சுல நல்ல அடி. செவப்புல சைடுலயும் ஏர்பேக் இருக்கு, பொம்மை தப்பிச்சிருச்சு."

"அப்ப செவப்பே எடு லா. அந்தப் பொம்மை பெல்ட்டு போட்டிருந்துச்சா?"

"போடாம? எல்லாப் பொம்மையும் போட்டிருந்துச்சு."

அக்கா முன்பக்கம் எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"பொம்மைக்கு இருக்கிற புத்தி நம்ம டிரைவர் அண்ணனுக்கு இல்லையே லா!"

வேனே சிரித்தது. அடுத்த சிவப்பு விளக்கில் நின்றதும், டிரைவர் பெல்ட்டை இழுத்து 'டக்' என்று மாட்டினார்.

"இப்ப நானும் பொம்மைதான். போதுமா?"