இரவல் மூச்சு

– குடிநோயா? எந்த டாக்டர் எழுதினான் இந்த ஃபாரத்த?

– பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கீழ டிப்போ சூப்பர்வைசர், அதான் உங்க கையெழுத்து வேணுமாம். மூணு மாசம் லீவு, அங்கயே தங்கி வைத்தியம். போடுங்கண்ணே.

– என்ன பேச்சு பேசுற பாப்பா? நோயாம் நோய்! சளி, காய்ச்சல்னா தானா வரும். உன் புருஷன் செருப்ப மாட்டிக்கிட்டு, தெருமுனை வரைக்கும் நடந்து போயில்ல வாங்கிட்டு வரான்?

– சக்கரை வியாதிக்காரரு இனிப்பத் தேடிப் போனா, அது நோய் இல்லன்னு ஆயிடுமா?

– சக்கரை வந்தவன் பொண்டாட்டிய அடிக்க மாட்டான்.

– அவரு என்னை அடிச்சதே இல்ல. அத நீங்களா சேக்காதீங்க. அழுவாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘இன்னிக்கு ஒரு நாள் மட்டும்’னு சின்னப் பிள்ளை மாதிரி அழுவாரு. பதினோரு வருஷமா அதே ஒரு நாள்தான்.

– அதத்தான் சொல்றேன். நடிப்பு! மனசுல உறுதி இருந்தா என்னைக்கோ விட்டிருப்பான். நான் சிகரெட்ட விடல? ஒரே நாள்ல கால்ல போட்டு நசுக்கினேன்.

– போன மாசம் ரெண்டு நாள் தொடாம இருந்தாரு. மூணாம் நாள் வலிப்பு வந்து நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. தலகாணி உறையெல்லாம் ரத்தம். திமிருக்கு வலிப்பு வருமாண்ணே?

– நான் சொல்றதக் கேளு. இதுல கையெழுத்து விழுந்தா, ஸ்டியரிங் அவன் கைக்குத் திரும்ப வராது. ஒரு மூலையில உக்காரவச்சு டிக்கெட் கட்டு அடுக்கச் சொல்லுவாங்க. ஊரே சிரிக்கும்.

– சிரிக்கட்டும். இப்ப எங்க அவரு?

– பக்கத்து ரூம்ல, பெஞ்சுல படுத்திருக்கான். ஆறு இருபதுக்கு வண்டி எடுக்கணும்.

– வீட்டுலேருந்து கிளம்பும்போதே குடிச்சிருந்தாரு.

– குடிச்சிருக்கானான்னு பாக்குற மிஷின்ல ஊதாம இங்க ஒருத்தனும் பஸ்ஸத் தொட முடியாது. தினம் அவன் பேருக்கு நேரா பூஜ்யம்தான் விழுது. நோட்ட வேணும்னா பாரு.

– பூஜ்யம் எப்படி விழுதுன்னு எனக்குத் தெரியும்ணே.

– என்ன தெரியும்?

– அவருக்குப் பதிலா நீங்க ஊதுறீங்க.

– யாரு சொன்னா?

– அவருதான். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. ‘உங்கண்ணன் மூச்சுலதான்டி நம்ம குடும்பம் ஓடுது’ன்னு.

– கத்தாத. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க.

– எத்தன வருஷமா?

– ஆறு. உனக்காகத்தான் பாப்பா. வேலை போனா ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நீ நடுத்தெருவுல நிப்ப. ஒரே ஒரு தடவதான்னு நெனச்சு ஊதினேன்.

– போன வாரம் வளைவுல பஸ்ஸ சுவத்துல உரசிட்டாரே. உள்ள நாப்பது பேரு.

– தெரியும். அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. இனிமே ஊதுறதில்லன்னு உன் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன்.

– அப்புறம்?

– மறுநாள் காலையில வந்து முன்னாடி நின்னான். கை நடுங்குச்சு.

– யாருக்கு?

– ரெண்டு பேருக்கும்தான்.

– கையெழுத்தப் போடுங்கண்ணே.

– மணி ஆறு பத்து. ஜனம் வரிசையில நிக்குது, மாத்து டிரைவர் இல்ல. அந்த ஊதுற மிஷின் குழாய இப்படிக் குடு. நாளைக்கு வந்ததும் மொத வேலையா கையெழுத்துப் போட்டுத் தரேன், சத்தியமா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.

– ஒரு நாள் மட்டுமா?

– என்ன அப்படிப் பாக்குற?

– ஒண்ணுமில்லண்ணே. இதே மாதிரி இன்னொரு ஃபாரம் வாங்கணும். உங்களுக்கு.