ரெண்டு பேருக்கும் ஒரே பொட்டலம்

அமெரிக்காவுக்குத் தபால் கப்பலில் போன காலம். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதி நின்றார்கள். அந்த அம்மாள் துணியில் தைத்த ஒரு பொட்டலத்தை மார்போடு அணைத்திருந்தார். உள்ளே முறுக்கு இருப்பது வாசனையில் தெரிந்தது.

“அமெரிக்காவுல எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ஐயா. ரெண்டு பேருக்கும் இந்த ஒரே பொட்டலம்தான்” என்றார் கிளார்க்கிடம். “பெரியவன் கப்பல் வேலைக்குப் போயி நியூயார்க்குல தங்கிட்டான். அவன் பேருக்கு அனுப்புங்க. சின்னவன் சான்பிரான்சிஸ்கோவுல ஒரு துரைக்குச் சமைக்கிறான். பெரியவன் ஒரு எட்டு நடந்து போயி குடுத்துட்டு வந்துருவான்.”

“நடந்தா?”

“ஒரே தேசந்தானே? நம்ம தோட்டத்து மேக்கணக்கும் பணியக்கணக்கும் மாதிரி, மேல ஒரு லயத்து வீடு, கீழ ஒரு லயத்து வீடு.”

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ரயில்லயே நாலு நாளு போகணும்.”

அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். “ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்கன்னு நீ நிம்மதியாத் தூங்குன. அதான் சொல்லல.”

அம்மாள் பல்லால் நூலை அறுத்துப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“என்ன புள்ள, தனித்தனியாக் கட்டப் போறியா?”

“இல்லீங்க. கடையில இன்னும் கொஞ்சம் முறுக்கு வாங்கிட்டு வாங்க. நாலு நாளு ரயில்ல போறவன், வழியில பசிச்சா தம்பி பங்கைத் தின்னுருவான்.”